ஓசோன் ஓட்டையும் பாப்பாவின் படிப்பும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூவில் இயற்பியலிலும் கணக்கிலும் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுக் காலநிலை அறிவியல் பக்கம் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நீங்கள் ஓசூர்ப் பக்கம் ரோஜா போட்டிருக்கிறீர்கள், பசுமைக்குடிலுக்கு வாங்கிய கடன் இன்னும் அடைபடவில்லை. "ஓசோனில் ஓட்டை விழுந்த கதையைப் படித்தவளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? வெயில் ஏறுவதும் இறங்குவதும் எந்தக் காலத்தில் இல்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பள்ளிப் போட்டிக்காகப் பாப்பா எழுதிய கட்டுரையையும் அனுப்பியிருக்கிறீர்கள். அதை அனுப்பியது நல்லதாகப் போயிற்று.

வேலையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்தக் கட்டுரை. உங்கள் கேள்வியில் இருக்கும் அதே குழப்பம் அவள் எழுத்திலும் இருக்கிறது. ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்து, அந்த வழியாகச் சூரிய வெப்பம் கூடுதலாக உள்ளே இறங்குகிறது, அதனால்தான் பூமி சூடாகிறது என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டாள். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் எம்.எஸ்சி. நேர்முகத் தேர்வில் இதே பதிலைத்தான் சொன்னான். "அப்படியென்றால் ஓட்டைக்கு நேர் கீழே இருக்கிற அண்டார்டிகாதானே முதலில் கொதிக்க வேண்டும்?" என்று தேர்வுக் குழுவில் ஒருவர் திருப்பிக் கேட்டார். அவனுக்கு அதன் பிறகு வாயே திறக்கவில்லை. அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. நல்ல படிப்பாளிப் பையன். பத்து வருடமாக யாரும் திருத்தாத ஒரு தவறு அவனை அங்கே கவிழ்த்துவிட்டது. உங்கள் பெண்ணுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஓசோன் செய்யும் வேலை புற ஊதாக் கதிரைத் தடுப்பது. அது மெலிந்தால் தோல் புற்றுநோய், கண்புரை, பயிர்ச்சேதம் என்று வேறு வகைத் தொல்லைகள் வரும். அண்டார்டிகாவின் மேலே ஓசோன் மெலிவதை 1985-இல் உலகுக்குச் சொன்னார்கள். 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் போட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த, ஓசோனை அரிக்கிற குளோரோ புளோரோ கார்பன் வாயுக்களை ஒழிக்கத் தொடங்கினார்கள். பூமி சூடாவது தனிக் கதை. அங்கே சிக்கல் உள்ளே வரும் வெயிலில் இல்லை, வெளியே போக வேண்டிய வெப்பத்தில் இருக்கிறது.

இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மார்கழி இரவுகளை நினைத்துப் பாருங்கள். வானம் துடைத்துவிட்டது போல நட்சத்திரம் தெரிகிற இரவில் எலும்பு வரை குளிரும், காலையில் இலையெல்லாம் பனி நிற்கும். ஊட்டியில் உறைபனி விழுவதும் அப்படிப்பட்ட இரவுகளில்தான். மேகம் மூடிவிட்டால் அதே மார்கழியில் அவ்வளவு குளிராது. பகலில் வெயில் வாங்கிய மண், இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை மேலே விடுகிறது. மேகம் அதில் ஒரு பங்கை வாங்கித் திருப்பிக் கீழே அனுப்புகிறது. மேகம் கண்ணுக்குத் தெரியச் செய்வதை நீராவி, கரியமில வாயு, மீத்தேன் ஆகியவை கண்ணுக்குத் தெரியாமல், நாள் முழுக்க, உலகம் முழுக்கச் செய்கின்றன. இவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரிக்குப் போய்விடும். இவை இருப்பதால்தான் சுமார் 15 டிகிரியில் வாழ்கிறோம். ஆக, பசுமை இல்ல விளைவு என்பதே கெடுதல் என்று பாப்பா எழுதியிருப்பதும் சரியில்லை. நம்மை உயிரோடு வைத்திருப்பதே அதுதான். அதை நாம் அளவுக்கு மீறிக் கனமாக்கிக்கொண்டிருப்பதுதான் கெடுதல்.

அந்தப் பெயரும் குழப்பத்துக்குக் காரணம். பசுமை என்ற சொல்லைக் கேட்டாலே மரம், செடி, நல்லது என்று மனம் போய்விடுகிறது. பசுமைக்குடில் என்றால் உங்களுக்குத் தினசரி புழங்குகிற இடம். மதியம் உள்ளே நின்றால் வேர்த்துக் கொட்டும். பக்கவாட்டுத் திரையைச் சுருட்டி விட்டால் கொஞ்ச நேரத்தில் சூடு இறங்கிவிடும், இல்லையா? குடிலுக்குள் சூடு தேங்குவதற்கு முக்கியக் காரணம் சூடான காற்று வெளியே போக வழியில்லாததுதான். பூமிக்கு அப்படிச் சுருட்டி விடுகிற திரை கிடையாது. காற்று மண்டலத்துக்கு வெளியே வெற்றிடம். வெப்பம் கதிராக மட்டுமே தப்பிக்க முடியும், அந்தக் கதிரைத்தான் இந்த வாயுக்கள் வழிமறிக்கின்றன. விளைவு ஒன்று போலத் தெரிந்தாலும் வேலை நடக்கிற விதம் வேறு. பாடப்புத்தகத்தில் கண்ணாடி வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு அதோடு நின்றுவிடுகிற பிள்ளைகள்தான் நேர்முகத் தேர்வில் மாட்டிக்கொள்கிறார்கள்.

காற்றில் 0.04 சதவீதம்தான் கரியமில வாயு, அது என்ன செய்துவிட முடியும் என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. பத்து லிட்டர் ஸ்பிரேயர் டேங்குக்கு நான்கு மில்லி மருந்து கலந்தால் அதே 0.04 சதவீதம். பூச்சி மருந்து டப்பாவில் அந்த மாதிரி அளவுகளை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! அளவு சிறியது என்பதற்காக வேலை சிறியது என்று நீங்களே நினைக்க மாட்டீர்கள். உலர்ந்த காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். அவை இரண்டும் வெளியேறும் வெப்பக் கதிரை அப்படியே போகவிடும். மீதி இருக்கிற கொஞ்சத்தில்தான் வழிமறிக்கிற வாயுக்கள் இருக்கின்றன. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பாதிக்குப் பாதி கூடிவிட்டது.

எந்தக் காலத்திலும் மாறிக்கொண்டுதானே இருக்கிறது என்கிற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். உண்மைதான், பனியுகங்கள் வந்து போயிருக்கின்றன. அண்டார்டிகா பனியைத் துளைத்து எடுத்த தூண்களில் அடைபட்ட காற்றுக் குமிழ்களை அளந்திருக்கிறார்கள். தொழிற்புரட்சிக்கு முந்தைய 8 லட்சம் வருடங்களில் கரியமில வாயு 300-ஐத் தொட்டது அபூர்வம். ஒரு பனியுகம் முடியும்போது நூறு பங்கு அளவுக்கு ஏற ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆகியிருக்கின்றன. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315. ஒரு மனிதரின் ஆயுளுக்குள் நூறு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. அது எரிமலையிலிருந்து வந்ததா, நிலக்கரியிலிருந்து வந்ததா என்பதையும் ஊகமாகச் சொல்லவில்லை. எரிமலைகள் வருடத்துக்கு விடுவது மனிதர்கள் விடுவதில் ஒரு சதவீதம்கூட வராது. கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் காலப்போக்கில் சிதைந்துவிடுகிற கதிரியக்கக் கார்பன்-14 மிச்சமே இருக்காது. காற்றில் சேர்ந்த புதிய கார்பனில் கார்பன்-14 இல்லாத அந்த அடையாளம் தெரிகிறது.

சூரியன்தான் காரணம் என்றால் காற்று மண்டலத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். ஆனால் கீழ் அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே இருக்கிற அடுக்கு மண்டலம் குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று 1967-லேயே கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் சியுகுரோ மனாபே. அவருக்கு 2021-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இயற்பியலுக்கு என்பதைப் பாப்பாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். நான் சொல்லப்போகும் ஆலோசனை முழுக்க அந்தச் சொல்லில்தான் நிற்கிறது.

கட்டுரையில் வேறு இரண்டு இடங்களையும் திருத்தச் சொல்ல வேண்டும். கடலில் மிதக்கும் ஆர்க்டிக் பனி உருகினால் சென்னை மூழ்கும் என்கிறாள். ஒரு டம்ளரில் ஐஸ் கட்டி போட்டு, தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐஸ் கரைந்தாலும் வழியாது. கடல் மட்டத்தை ஏற்றுவது கிரீன்லாந்து, அண்டார்டிகா நிலத்தின் மேல் இருக்கும் பனியும், மலைப் பனியாறுகளும், சூடாகி விரிகிற கடல் நீரும்தான். இன்னொன்று, எல்லா வெள்ளத்தையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டியிருக்கிறாள். சூடான காற்று ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் பெருமழைக்கான வாய்ப்பு கூடுகிறது. இதுவரை சரி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதில் எவ்வளவு பங்கு இதற்கு என்பதைத் தனியாகக் கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஏரியைத் தூர்த்து வீடு கட்டியதற்கும் வடிகால் அடைத்ததற்கும் காலநிலையைக் காரணம் காட்டினால் குற்றவாளி தப்பிவிடுவான். மிகைப்படுத்திச் சொல்கிற பிள்ளையும், அப்படி எதுவுமே இல்லை என்கிற பெரியவரும் இந்தத் துறைக்கு ஒரே அளவு தொல்லைதான்.

சரி, வேலை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த ஒருவர், செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் அமெரிக்காவிலும் படித்து, அதே குளோரோ புளோரோ கார்பன் வாயு கரியமில வாயுவைவிட மூலக்கூறுக்கு மூலக்கூறு ஆயிரக்கணக்கான மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் என்று 1975-இல் கண்டு சொன்னார். அவர் வீரபத்ரன் ராமநாதன். ஓசோனும் புவி வெப்பமும் உண்மையிலேயே சந்திக்கிற இடம் இந்த வாயுதான். ஓசோனை அரிக்கும், வெப்பத்தையும் பிடிக்கும். கசிவு பார்க்கிற வேலையில் தொடங்கியவரை உலகம் அறிந்த விஞ்ஞானியாக்கியது அடிப்படை இயற்பியல். எல்லாரும் ராமநாதன் ஆகிவிட முடியாது, அது எனக்கும் தெரியும். அவர் வந்த வழியைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

ஆகவே என் ஆலோசனை: பி.எஸ்சி. இயற்பியல் சேருங்கள், கணிதமும் புள்ளியியலும் வலுவாகச் சொல்லித்தரும் கல்லூரியாகப் பாருங்கள். பெயரில் காலநிலை என்று போட்டிருக்கிற புதுப் பட்டங்களை இளநிலையில் தேட வேண்டாம். ஆய்வகம் எங்கே, ஆசிரியர்கள் யார், முந்தைய மாணவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் பல இடங்களில் பதில் வருவதில்லை. இயற்பியல் படித்தவள் நாளைக்கு மனம் மாறினாலும் தரவு அறிவியல், ஆசிரியப் பணி, வங்கித் தேர்வு என்று எங்கும் போகலாம். கூடவே பைத்தான் நிரலாக்கம் கற்கட்டும். காலநிலை ஆய்வில் பாதி வேலை கணினியில்தான். கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிட்டாளே என்ற உங்கள் கவலையும் அதில் கொஞ்சம் தீரும்.

அதன் பிறகு ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி., அல்லது கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வானிலையியல் எம்.எஸ்சி. பார்க்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் வளிமண்டல, கடல் அறிவியல் மையம் உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். அரசுப் பக்கம் இந்திய வானிலை ஆய்வுத் துறை, புனேயில் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், ஐதராபாத்தில் கடல் தகவல் சேவை மையம் இருக்கின்றன. 2024 செப்டம்பரில் மத்திய அரசு வானிலை முன்கணிப்பை மேம்படுத்தும் மிஷன் மௌசம் திட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆனால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விஞ்ஞானிப் பதவிகள் குறைவு, பி.எச்டி. வரை போனால் சம்பளம் நிலைக்க இருபத்தெட்டு, முப்பது வயது ஆகிவிடும். ஆராய்ச்சிக் காலத்தில் உதவித்தொகை வரும் என்பதால் உங்கள் கையைக் கடிக்காது, ஆனால் வீட்டுக்கும் பெரிதாக வராது. கடன் இருக்கிற குடும்பம் இதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும்.

அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்றால் தனியார் பக்கம் இப்போது கதவு திறந்திருக்கிறது. பங்குச் சந்தையில் முதல் ஆயிரம் நிறுவனங்கள் தங்கள் கார்பன் கணக்கை வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2022-23 முதல் கட்டாயமாக்கியது. இரும்பு, அலுமினியம், சிமெண்ட் போன்றவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பினால் 2026 தொடங்கிக் கார்பன் அளவுக்குக் கட்டணம் உண்டு. முப்பந்தல் காற்றாலைகள் நாளைக்கு எவ்வளவு மின்சாரம் தரும் என்று இன்றைக்கே முன்கணிக்கவும் ஆள் வேண்டும். இந்த வேலைகளுக்கெல்லாம் கணக்குத் தெரிந்தவர்கள்தான் வேண்டும், கோஷம் தெரிந்தவர்கள் இல்லை.

ஒன்று செய்யுங்கள். இந்தக் கடிதத்தை இப்போதைக்கு அவளிடம் காட்டாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் குடிலுக்குள் கூட்டிப்போய், பக்கத் திரையைச் சுருட்டி விட்டு, "சூடு ஏன் இறங்குகிறது, பூமிக்கு ஏன் இப்படி இறங்கவில்லை?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் ஒரு வாரம் டைம் கொடுங்கள். தானே தேடி வந்து, புத்தகத்தைப் பார்க்காமல் உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டாள் என்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள், விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிவிடலாம். கல்லூரிகளின் கடைசித் தேதியை மட்டும் இன்றைக்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.