குதிரையும் குழியும்

வணக்கம் அம்மா,

பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்குப் பதினாறு வயது. 2018 ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கிய எங்கள் ஊர் ஃபவாத் மிர்சாவைப் பார்த்துவிட்டுக் குதிரையேற்றம் கற்க ஆரம்பித்தவள். மூன்று வாரத்துக்கு முன் பயிற்சியில் தடை தாண்டும்போது குதிரை சட்டென்று நின்றுவிட, இவள் தலைகுப்புற விழுந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பயிற்சியாளர் உடனே ஏறச் சொன்னார். ஏறி அதே தடையைத் தாண்டினாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் இப்போது சரியாகத் தூங்குவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். உடம்பு தேறிவிட்டது, மனசுதான் பயந்திருக்கிறது என்கிறார்கள். கவுன்சலிங் அழைத்துப்போனால் பலவீனமானவள் என்று பெயர் வந்துவிடுமோ? காற்றடைக்கும் பாதுகாப்பு ஜாக்கெட் வாங்கலாமா? அடுத்த மாதம் போட்டி இருக்கிறது.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பாட்டி யாரையோ திட்டும்போது, "குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்" என்றார். அன்றிலிருந்து எங்கள் மாடியில் குடியிருந்த, பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி அண்ணன் மனதை விட்டுப் போகவில்லை. அதற்குள் உங்கள் கடிதம் வந்தது.

ஜாக்கெட்டைப் பற்றிச் சுருக்கமாக. வாங்குங்கள். சேணத்தோடு கட்டிய வார், ஆள் விழும்போது இழுபட்டு வாயுக் குப்பியைத் திறந்துவிடும். மார்பையும் முதுகையும் காக்கும். தலையை அது காக்காது. அன்றைக்கு அவள் போட்டிருந்த ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினீர்களா? பலமாக ஒரு அடி வாங்கிய ஹெல்மெட்டின் உட்புற நுரை நசுங்கியிருக்கும். வெளியே கீறல்கூடத் தெரியாது. அடுத்த மாதப் போட்டியை மறந்துவிடுங்கள். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இனி உங்கள் மேல் எனக்குள்ள கோபம். கண்ணீர் விடவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பதினாறு வயதுக் குழந்தை தலைகுப்புற விழுந்தும் அழவில்லை என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. திகைத்துப்போயிருக்கலாம். அழுதால் அப்பா முகம் வாடும் என்று நினைத்திருக்கலாம். மூளை கலங்கி, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் இருந்திருக்கலாம். அந்த நிலையில் அவளைத் திரும்ப ஏற்றியிருக்கிறார்கள். அதை நீங்கள் வீரக்கதைபோல எனக்கு எழுதுகிறீர்கள்.

விழுந்தால் உடனே ஏறிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயம் நிலைத்துவிடும் என்று எல்லா லாயத்திலும் சொல்கிறார்கள். சர்வதேசப் போட்டியில் தடை தாண்டும் சுற்றில் குதிரையிலிருந்து விழுந்தவர் அந்தச் சுற்றிலிருந்து நீக்கப்படுகிறார். ஈவென்டிங் என்ற மூன்று பிரிவுக் குதிரையேற்றப் போட்டியில் வெட்டவெளித் தடைகளுக்கிடையே விழுந்தாலும் அப்படியே. பதக்கத்துக்காக நிற்கிற இடத்திலேயே திரும்ப ஏறித் தொடர விடுவதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமைக் காலைப் பயிற்சியில், யாரும் மதிப்பெண் போடாத இடத்தில், ஒரு குழந்தை எதற்காக ஏற வேண்டும்? தலையில் அடிபட்டிருக்கிறது என்ற சந்தேகம் வந்தாலே அன்று முழுக்க ஏற்றக் கூடாது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். சில அறிகுறிகள் மணிக்கணக்கில் கழித்துத்தான் தலைகாட்டும். ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை அதிர்ந்ததைப் பெரும்பாலும் காட்டாது. தூக்கம் கெடுவதும் எரிந்து விழுவதும் வெறும் பயமாக இருக்கலாம், அந்த அதிர்வின் மிச்சமாகவும் இருக்கலாம். உடம்பு தேறிவிட்டது, மனசுதான் என்று கோடு கிழித்துச் சொன்னவர் யார்? அவர் டாக்டரா?

எங்கள் ஜாக்கி அண்ணனுக்கும் இப்படித்தான் கோடு கிழித்தார்கள். எண்பதுகளின் தொடக்கம், சென்னை. கத்திரி வெயிலில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தெருவில் ஓடுவார். எடை குறைய வேண்டும். பந்தயத்துக்கு முந்தின நாள் அரை இட்லி. அவர் மனைவி மீன்குழம்பு வைத்தால் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார். சிறுமியான எனக்கு அதெல்லாம் வேடிக்கை. ஒருநாள் விடியற்காலைப் பயிற்சியில் குதிரை தள்ளிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் என்னைப் பார்த்து, "இன்னைக்கு என்ன கிழமை, பாப்பா?" என்றார். சொன்னேன். தண்ணீர் குடித்துவிட்டு அதையே கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். மாடியில் எல்லாரும் சிரித்தோம்.

பிறகு அவருக்கு வெளிச்சம் ஆகவில்லை. ஜன்னலில் போர்வை தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் பந்தடித்தால் கத்துவார், அதற்குமுன் அதிர்ந்து பேசாத மனிதர். குடிக்கிறான் என்றது பாதித் தெரு. பயந்தாங்கொள்ளி ஆயிட்டான் என்றார்கள் கூட ஓட்டியவர்கள். தள்ளியது குதிரை. குழியை நாங்கள் பறித்தோம். நான்கு மாதத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். எங்கே போனார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

பந்தயத்தில் குதிரைகளுக்குப் பின்னாலேயே ஆம்புலன்ஸ் ஓடும், பார்த்திருப்பீர்கள். 1999-இல் பிரிட்டனில் ஒரே ஆண்டில் ஐந்து ஈவென்டிங் வீரர்கள் விழுந்து இறந்த பிறகு, குதிரையின் கால் பலமாக இடித்தால் கட்டையைத் தாங்கும் ஆணி முறிந்து கட்டை இறங்கிவிடும்படியான தடைகளைக் கண்டுபிடித்தார்கள். குதிரை குட்டிக்கரணம் போட்டு ஆள்மேல் விழாமலிருக்க. நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் வீரர் வீட்டுக்குப் போன பிறகு இருட்டறையில் நடப்பதற்கு என்ன ஏற்பாடு?

ஃபிரெட் ஆர்ச்சர் என்று ஓர் ஆங்கிலேய ஜாக்கி. 1874 முதல் 1886 வரை பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சாம்பியன். ஐந்தே முக்கால் அடிக்கு மேல் உயரம்; அந்த உடம்பைப் பட்டினி போட்டும் பேதி மருந்து குடித்தும் ஏறக்குறைய 54 கிலோவுக்குக் கொண்டுவந்து கடைசிப் பெரிய பந்தயத்தில் ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் பிரசவத்தையடுத்து மனைவி இறந்திருந்தார். பந்தயம் தோற்றது, காய்ச்சல் கண்டது, சில நாளில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 29. பட்டினி, காய்ச்சல், துக்கம். இதில் எதை உடம்பில் சேர்ப்பீர்கள், எதை மனதில் சேர்ப்பீர்கள்? பிரிட்டனில் பந்தயத் திடல்களில் எடை குறைக்க ஜாக்கிகள் உட்கார்ந்து வியர்க்கும் சூடான அறைகளை நிரந்தரமாக மூட 2021 வரை ஆயிற்று.

கவுன்சலிங் போனால் பெயர் கெடுமா என்று கேட்டிருந்தீர்கள். கை முறிந்தால் கட்டுப் போட வெட்கப்படுவீர்களா? இதற்குமேல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன். முதலில் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், விழுந்ததையும் உடனே ஏறியதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். மனநல ஆலோசகரையும் பாருங்கள், ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று இல்லை. நடுராத்திரியில் அவளுக்கோ உங்களுக்கோ தாங்க முடியாமல் போனால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

அவள் குதிரையை விட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டாக்டர் சரி என்றால் சாயங்காலம் லாயத்துக்குக் கூட்டிப்போங்கள், ஏறுவதற்காக அல்ல. பிடரியைத் தடவிக்கொடுத்துவிட்டு வரட்டும். அந்தக் குதிரையும் பயந்துதானே நின்றிருக்கும்.

இன்று இரவு அவளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். விழுந்ததிலிருந்து திரும்ப ஏறியதுவரை நடந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா? குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். எனக்குப் பிறகு எழுதலாம்.

அன்புடன்.