வாகனம்: கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் டி-மேக்ஸ் பிக்-அப்பில் தோட்டத்துக்குள் செம்பனைக் குலை ஏற்றுகிறோம். முன் இடது சக்கரத்தில் கீச்சென்று சத்தம். கழற்றிப் பார்த்தால் உள்பக்க பிரேக் பேட் தகடு வரை தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்கத்தில் பாதி மிச்சம். வீட்டிலேயே மாற்றலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாக மாற்றலாம். ஆனால் பேட்டை மட்டும் மாற்றினால் போதாது. இரண்டு பேட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய வேண்டும். பிஸ்டன் உள்பேட்டைத் தள்ளும்போது காலிப்பர் (பேட்டுகளைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) ஸ்லைடு பின்கள் என்ற வழுக்குக் கம்பிகளில் நகர்ந்து வெளிப்பேட்டை டிஸ்க்கோடு அழுத்துகிறது. அந்த ஸ்லைடு பின் இறுகிவிட்டால் முழு வேலையும் உள்பேட்டின் தலையில் விழும். பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, தோட்டப் பாதையின் செம்மண் சகதி உள்ளே போய்த் துருப்பிடிப்பதுதான் பெரும்பாலும் காரணம். அதைச் சரிசெய்யாவிட்டால் புதுப் பேட்டும் சீக்கிரமே இதே கதிக்கு வரும்.

நான்கு பேட் உள்ள முன்சக்கர செட் வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒருபக்கமாக இழுக்கும். பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ், ஒரு டின் பிரேக் கிளீனர், சி-கிளாம்ப் (திருகி இறுக்கும் இரும்புக் கவ்வி) ஆகியவையும் வேண்டும்.

ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிடுங்கள். மண் தரையானால் ஜாக்குக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். தூக்கிய பிறகு வண்டி ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும், ஜாக்கை நம்பி வேலை செய்யவே கூடாது. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், மூச்சில் போகும். கிளீனர் தெளித்துத் துடையுங்கள்.

காலிப்பர் போல்ட் இரண்டையும் கழற்றி, காலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். பிரேக் ஹோஸில் அதைத் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே பிய்ந்துவிடலாம். பின்களை உருவும்போது மேல் எது, கீழ் எது என்று குறித்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. துருவில் குழி விழுந்த பின்னையும் கிழிந்த உறையையும் மாற்றிவிடுங்கள். நல்ல பின்னைத் துடைத்து, சிலிகான் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் ரப்பரை ஊதவைத்து மறுபடி இறுக்கிவிடும். ஸ்லைடு பின் கைவிரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகவேண்டும்.

அடுத்து பிஸ்டன். பிரேக் ஆயில் டப்பா நிரம்பியிருந்தால் முதலில் சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். வழிந்தால் பெயிண்ட் உரிந்துவிடும். உங்கள் காலிப்பரில் இரண்டு பிஸ்டன். ஒன்றை அழுத்தினால் மற்றது வெளியே வரும். பழைய பேட்டை இரண்டின்மீதும் குறுக்கே வைத்து, நடுவில் கிளாம்ப் போட்டு மெதுவாகத் திருகுங்கள். அசையவே மறுத்தால் பிஸ்டனே இறுகிவிட்டது, பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

பேட் தகடு வரை தேய்ந்ததால் டிஸ்க்கையும் பாருங்கள். ஆழக் கீறல் விழுந்திருந்தாலும், டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போயிருந்தாலும் மாற்றியே ஆகவேண்டும். எல்லாவற்றையும் பூட்டி, போல்ட்டுகளை வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கிய பிறகு, வண்டியை நகர்த்துவதற்கு முன்பே பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதல் சில மிதிகளில் பெடல் தரைவரை போகும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் வண்டி நிற்காது! பெடல் கெட்டியானதும் ஆயில் அளவைப் பாருங்கள். பிறகு ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, இடையில் சூடு ஆறவிட்டு, எட்டுப் பத்து முறை செய்யுங்கள். பேட் டிஸ்க்கோடு பழகும்வரை முழுப் பாரம் ஏற்றி மேட்டிலிருந்து இறங்காதீர்கள்.

கேள்வி: டாட் 3 பிரேக் ஆயில் உள்ள வண்டியில் டாட் 4 ஊற்றலாமா?
– வாசகர், பீடோர்

பதில்: ஊற்றலாம். இரண்டும் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருளால் ஆன வகை, கலக்கும். டாட் 4-இன் கொதிநிலையும் கூடுதல். டாட் 5 மட்டும் வேண்டாம். அது சிலிகான் வகை, இவற்றோடு சேராது. திறந்து வைத்த பழைய போத்தலையும் பயன்படுத்தாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது தண்ணீரை இழுத்திருக்கும். அந்த ஆயில் மலைச்சாலை இறக்கத்தில் கொதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும்.

கேள்வி: முன் பேட் புதிதாகப் போட்டும் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லையே?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இரண்டுக்கும் சம்பந்தமில்லை. பின்பக்கம் டிரம் உள்ள பிக்-அப்களில் ஹேண்ட் பிரேக் பின் டிரம்முக்குள் இருக்கும் ஷூவை (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த பட்டை) மட்டும்தான் இயக்கும். டிரம்மைத் திறந்து சகதியைத் துடைத்து, ஷூ தேய்மானத்தைப் பாருங்கள். ஷூவை அட்ஜஸ்ட் செய்த பிறகே கேபிளை இறுக்குங்கள்.