ஆம்புலன்ஸ் மலையேறி வரும்வரை

கேள்வி: சேர்வராயன் மலையில், நாகலூருக்கு அப்பாலுள்ள சிற்றூர் எங்களுடையது. 108-ஐ அழைத்தால் வண்டி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு வண்டிப் பாதையே இல்லை. இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்து அவசர உதவிக் குழு அமைக்க நினைக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது? தவறு நேர்ந்தால் எங்கள் மேல் வழக்கு வருமா?

பதில்: இத்தகைய குழு தொடங்குவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது மருந்துப் பெட்டியில் என்னென்ன வாங்கி வைப்பது என்றுதான். நீங்கள் அதைக் கேட்காதது எனக்கு நிறைவளிக்கிறது. உங்கள் வேலை வைத்தியம் பார்ப்பதன்று. அடிபட்டவரின் நிலை மேலும் மோசமாகாமல் காத்து, வண்டி நிற்கக்கூடிய இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து சேர்ப்பது. ஆகவே தொலைபேசி அழைப்பிலிருந்து தொடங்குங்கள்.

தமிழகத்தில் 2008-இல் தொடங்கிய 108 சேவையின் அழைப்பை எடுப்பவர் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர். உங்கள் ஊர்ப்பெயர் அவருக்குப் பழக்கமாக இருக்க வேண்டியதில்லை. ஏற்காடு ஒன்றியத்திலேயே வேலூர் என்றோர் ஊராட்சி இருக்கிறது. பதற்றத்தில் "வேலூரிலிருந்து பேசுகிறேன்" என்று மட்டும் சொன்னால் கேட்பவர் எந்த வேலூரை நினைப்பார்? சேலம் மாவட்டம், ஏற்காடு வட்டம் என்று தொடங்கி, ஊராட்சி, ஊர், நோயாளியின் நிலை, வண்டி நிற்க வேண்டிய இடம் என்ற வரிசையில் சொல்லப் பத்துப் பேரும் பழக வேண்டும். நான் நடத்திய ஓர் ஒத்திகையில் "மாரியம்மன் கோயில் பக்கம்" என்றார் ஒருவர். அந்த வழியில் மூன்று மாரியம்மன் கோயில்கள் இருந்தன. வண்டி திருப்ப இடமுள்ள ஓர் இடத்தைத் தார்ச்சாலையில் தேர்ந்து, எப்போதும் அதையே சொல்லுங்கள். அழைத்தவர் சிக்னல் கிடைக்கும் மேட்டை விட்டு நகரக் கூடாது. ஓட்டுநர் வழி கேட்டுத் திரும்ப அழைப்பார். அழைத்தவர் நோயாளியிடம் ஓடிவிட்டால் அந்த அழைப்பை எடுக்க ஆளிருக்காது.

அடுத்தது தூக்கி வருவது. போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கினால் உடல் நடுவில் மடங்கிவிடும். உங்கள் ஊரில் காப்பிச் சாக்குக்குப் பஞ்சமிருக்காது. இரண்டு சாக்குகளின் அடிமூலைகளை அறுத்து, வாய்கள் எதிரெதிரே பார்க்க வைத்து, எட்டடி நீளமுள்ள உறுதியான மூங்கில் கழிகள் இரண்டை மூலைகள் வழியே செலுத்தினால் ஒரு தூக்குப்படுக்கை கிடைக்கும். குழுவிலேயே கனத்த ஆளை அதில் கிடத்தி, நான்கு பேர் தூக்கி, ஒற்றையடிப் பாதையில் ஒருமுறை நடந்து பார்த்த பிறகே அதை நம்புங்கள். இறக்கத்தில் கால் முன்னே போக வேண்டும். ஏற்றத்தில் தலை முன்னே போக வேண்டும்.

சில்வர் ஓக் மரத்தில் ஏணி சார்த்தி மிளகு பறித்தவர் விழுந்தால் மட்டும் இந்தச் சாக்குப் படுக்கை உதவாது. அவரை எழுப்பி உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா கொடுப்பது நம் வழக்கம். முதுகெலும்போ கழுத்தோ முறிந்திருந்தால் ஆயுளுக்கும் கைகால் வராமல் போக அதுவே போதும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, ஆம்புலன்ஸ் பணியாளர்கள் பலகையுடன் நடந்து வரும்வரை அங்கேயே காத்திருப்பதுதான் முறை.

பாம்புக் கடிக்குக் கயிறு இறுக்கிக் கட்டுவதும் கீறி ரத்தம் எடுப்பதும் கூடாது. வீங்குவதற்குள் மெட்டி, மோதிரம், வளையல்களைக் கழற்றி, கடிபட்ட காலையோ கையையோ மட்டை வைத்து அசையாமல் கட்டி, கடித்த நேரத்தைத் தாளில் எழுதி, நடக்கவிடாமல் தூக்கி வர வேண்டும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவர யாரும் போக வேண்டாம். நம் மருத்துவமனைகளில் தரப்படும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கானது. மலையிலுள்ள பச்சைநிற மூங்கில் குழிவிரியன் அதில் சேராது என்பதால், கடித்தது என்ன நிறம் என்பதைப் பார்த்தவர் சொன்னால் மருத்துவருக்கு உதவும்.

மூச்சும் அசைவும் நின்றவருக்கு நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இதைப் படித்துக் கற்க இயலாது. செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், தீயணைப்புத் துறை ஆகியவற்றில் ஒன்றை அணுகிப் பொம்மையில் பழகுங்கள்.

வழக்கைப் பொறுத்தவரை, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவியவரைக் குற்றவியல், உரிமையியல் பொறுப்புகளிலிருந்து காக்கிறது. சாலை விபத்து அல்லாதவற்றில், சம்மதம் கேட்க இயலாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்ததை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு ஏற்கிறது. இவை உதவிக்கான பாதுகாப்பே தவிர, ஊசி போடவும் மாத்திரை தரவும் உரிமை அல்ல. அந்த எல்லையைத் தாண்டாதீர்கள்.

மழைக்காலத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சாலையில் மரமோ மண்ணோ விழுந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்லி, மலைக்கு வரும் மற்றொரு பாதையான குப்பனூர் வழி திறந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பேறுகாலம் நெருங்கியவர்கள் யார் யார் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஐப்பசி பிறக்கும் முன்பே கேட்டறிந்து, கனமழை எச்சரிக்கை வந்ததும் அவர்களை ஏற்காடு மருத்துவமனைக்கோ சேலத்து உறவினர் வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள்.