பிக்கப்பில் எவ்வளவு எடை இழுக்கலாம்? கேள்வி பதில்

அமெரிக்காவில் பிக்கப் ட்ரக்கின் பின்னால் ட்ரெய்லர் மாட்டி மினி எக்ஸ்கவேட்டர் (மண் தோண்டும் சிறு இயந்திரம்), ஸ்கிட் ஸ்டியர் (முன்னால் பக்கெட் உள்ள குட்டி லோடர்) மாதிரி இயந்திரங்களை இழுப்பது பற்றி நம்மவர்கள் கேட்டவற்றுக்குப் பதில். எடைகள் எல்லாம் பவுண்டில்தான். அங்கே வண்டித் தகட்டில் இருப்பதும் அதுவே.

ஹூஸ்டனிலிருந்து: அண்ணா, என் எஃப்-150 ட்ரக் 11,000 பவுண்ட் இழுக்கும் என்று விளம்பரத்தில் பார்த்துத்தான் வாங்கினேன். ட்ரெய்லரும் மினி எக்ஸ்கவேட்டரும் சேர்ந்து 10,500. தாராளமாகப் போகலாம்தானே?

விளம்பரத்தை மறந்துவிடுங்கள் தம்பி. ஓட்டுநர் கதவைத் திறந்தால் மஞ்சள் பட்டை போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். உங்களுடையது 1,500 என்று வைத்துக்கொள்வோம். ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (ட்ரெய்லரை மாட்டும் இணைப்பு) வழியாக ட்ரக்கின் மேலேயே இறங்கும். 10,500-க்கு அது 1,050 முதல் 1,575 வரை. நீங்களும் உதவிக்கு ஒருவரும் ஏறினால் இன்னொரு 350. பின்னால் டூல் பாக்ஸ் வேறு இருக்கும். இழுக்கும் திறன் மிச்சம் இருக்கும்போதே சுமக்கும் திறன் தீர்ந்துவிடும். எஃப்-150 மாதிரி ‘அரை டன்’ வகை ட்ரக்குகளில் வழக்கமாக நடப்பது இதுதான்.

அப்புறம், பம்பருக்குக் கீழே குனிந்து ஹிட்சைச் செருகும் ரிசீவரில் இருக்கும் ஸ்டிக்கரையும் படியுங்கள். எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் மாட்டாவிட்டால் 5,000 பவுண்டுதான் என்று பல அரை டன் ட்ரக்குகளில் போட்டிருக்கும். ட்ரெய்லர் உட்காரும் ஹிட்ச் பந்தின் தலையிலும் தனியாக ஓர் எண் பொறித்திருக்கும். இத்தனையிலும் எது சிறிய எண்ணோ அதுதான் உங்கள் எல்லை.

டாலஸிலிருந்து: 14,000 மதிப்பீடு உள்ள ட்ரெய்லர் வைத்திருக்கிறேன். எஃப்-250-ஐக் கொடுத்துவிட்டு, பின்னால் நான்கு சக்கரம் உள்ள எஃப்-350 வாங்க ஆசை. சி.டி.எல். என்ற தொழில்முறை ஓட்டுநர் உரிமம் எடுக்க வேண்டியிருக்கும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். காலி ட்ரெய்லருக்குமா?

நண்பர் சொல்வது சரிதான். இதில் இரண்டு கணக்கு ஓடுகிறது. உரிமத்துக்கு முதலில் பார்ப்பது தகட்டில் உள்ள மதிப்பீட்டை, அதாவது சரக்கோடு சேர்த்து வண்டி அதிகபட்சம் இவ்வளவு இருக்கலாம் என்று தயாரிப்பாளர் குறித்த ஜி.வி.டபிள்யூ.ஆர். என்ற எண்ணை. ஓவர்லோடுக்குப் பார்ப்பது எடைமேடை காட்டும் நிஜ எடையை. பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் கலப்பதால் வருகிறது.

10,000 மதிப்பீடு உள்ள எஃப்-250-உடன் உங்கள் ட்ரெய்லரைச் சேர்த்தால் 24,000. தொழில்முறை ஏ வகுப்பு உரிமம் 26,001-இல்தான் தொடங்குகிறது, அதுவும் ட்ரெய்லர் மதிப்பீடு 10,000-ஐத் தாண்டினால். ஆக, சி.டி.எல். தேவையில்லை. நீங்கள் பார்த்துவைத்த எஃப்-350-இன் தகடு 14,000 என்றால் கூட்டுத்தொகை 28,000 ஆகிவிடும். தொழிலுக்கு ஓட்டும்போது ட்ரெய்லர் காலியாக இருந்தாலும் சி.டி.எல். வேண்டும். பெரிய ட்ரக் வாங்கினால் பிரச்சினை தீரும் என்று நினைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். கடைகளில் 9,990 என்று விநோதமான மதிப்பீட்டில் ட்ரெய்லர் விற்பதற்கும் இந்த 10,000 கோடுதான் காரணம்.

சாக்ரமென்டோவிலிருந்து: கலிஃபோர்னியாவிலும் இதே கணக்கா?

இல்லை, இன்னும் இறுக்கம். அங்கே சாதாரண சி வகுப்பு உரிமம் 10,000 மதிப்பீடு உள்ள ட்ரெய்லரோடு நின்றுவிடும். 14,000 ட்ரெய்லரை உங்கள் ஊருக்குக் கொண்டுவரும் முன் இதை யோசியுங்கள்.

ஆஸ்டினிலிருந்து: கதவில் ‘நாட் ஃபார் ஹயர்’ (வாடகைக்கு அல்ல) என்று ஒட்டினால், போக்குவரத்துத் துறையில் பதிந்து வாங்கும் டி.ஓ.டி. எண் வேண்டாமாமே?

ஸ்டிக்கருக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது. ட்ரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்து 10,001 பவுண்டைத் தொட்டு, தொழில் வேலையாக மாநில எல்லையைத் தாண்டினால் டி.ஓ.டி. எண்ணும் மருத்துவச் சான்றும் வேண்டும். சொந்த இயந்திரத்தைச் சொந்தத் தொழிலுக்கு ஏற்றிப் போவதும் தொழில்தான். உங்கள் வீட்டுத் தோட்டத்தைத் தோண்ட, காசு வாங்காமல் எப்போதாவது எடுத்துப் போவது வேறு. அதற்கு விலக்கு உண்டு. மாநிலத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு அந்தந்த மாநில விதி.

சான் அன்டோனியோவிலிருந்து: சார், நிஜ எடையை எப்படித் தெரிந்துகொள்வது? இயந்திரத்தின் கையேட்டில் உள்ள எண் போதாதா?

கையேட்டு எண்ணில் நீங்கள் கூடுதலாக வாங்கிய பக்கெட் இருக்காது, செயின் பட்டையில் அப்பிய களிமண்ணும் இருக்காது. டீசல் ஒரு கேலனே ஏழு பவுண்ட். நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும், அங்கே போங்கள். முன் அச்சு முதல் பலகையிலும் பின் அச்சு இரண்டாவதிலும் ட்ரெய்லர் மூன்றாவதிலும் நிற்க வேண்டும். பிறகு ட்ரெய்லரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ட்ரக்கை மட்டும் ஏற்றுங்கள்.

ஓர் உதாரணம். ட்ரக் மட்டும்: முன் 4,200, பின் 3,100, மொத்தம் 7,300. ட்ரெய்லரோடு: முன் 4,000, பின் 4,700, ட்ரெய்லர் அச்சுகள் 10,600. இப்போது ட்ரக்கின் மேல் 8,700 இருக்கிறது. கூடிய 1,400-தான் ஹிட்சில் இறங்கிய எடை. ஆக ட்ரெய்லரின் முழு எடை 12,000, அதில் ஏறக்குறைய 12 சதவீதம் ஹிட்சில். 10,000 மதிப்பீட்டு எஃப்-250-க்கும் 14,000 ட்ரெய்லருக்கும் இது எல்லைக்குள் அடங்கும் நல்ல எடைச்சீட்டு. முன் அச்சில் 200 குறைந்ததையும் கவனியுங்கள். பின்னால் அழுத்தினால் முன்பக்கம் தூக்கும். அது மேலும் குறைந்தால் ஸ்டியரிங் லேசாகிவிடும். பின் அச்சு எண்ணைக் கதவுத் தகட்டோடும் டயரின் பக்கவாட்டு எண்ணோடும் ஒப்பிட மறக்காதீர்கள். தொழில் வண்டியில் டயர் தாங்கும் அளவை மீறினால் அதுவே தனிக் குற்றம்.

ஹூஸ்டனிலிருந்து மறுபடி: எடையெல்லாம் சரியாக இருந்தும் 55 மைல் வேகத்தில் ட்ரெய்லர் வாலை ஆட்டுகிறது. ஸ்கிட் ஸ்டியர்தான் ஏற்றியிருந்தேன்.

முன்பக்கமாக ஓட்டி ஏற்றினீர்களா? ஸ்கிட் ஸ்டியருக்கு இன்ஜின் பின்னால். அப்படி ஏற்றினால் பாரமெல்லாம் ட்ரெய்லரின் வால் பக்கம் உட்காரும், ஹிட்சில் எடை குறையும், ஆட்டம் தொடங்கும். காலி பக்கெட்டோடு ரிவர்ஸில் ஏற்றுங்கள். சரிவுப்பலகையில் ஏறும்போது கனமான பக்கம் மேலே இருப்பதுதான் பாதுகாப்பும்கூட. அரை அடி முன்னே பின்னே நகர்த்தினாலே ஹிட்ச் எடை மாறும். சரியான இடம் கிடைத்ததும் ட்ரெய்லர் பலகையில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

டாலஸிலிருந்து: கட்டுவதற்கு எத்தனை செயின்?

10,000 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள இயந்திரத்துக்குக் குறைந்தது நான்கு. அதற்குக் கீழே முன்னால் ஒன்று பின்னால் ஒன்று போதும் என்று விதி இருக்கிறது. நான் என்றால் நான்கு போடாமல் கிளம்ப மாட்டேன். 3/8 அங்குல கிரேடு 70 (சரக்குக் கட்டும் தர வகை) செயினின் வேலைச்சுமை, அதாவது பாதுகாப்பாகத் தாங்கும் அளவு, 6,600. எக்ஸ்கவேட்டரின் கையையும் பக்கெட்டையும் கீழே இறக்கி அதையும் கட்ட வேண்டும்.

ஆஸ்டினிலிருந்து: ட்ரெய்லர் பிரேக் கட்டாயமா?

டெக்சஸில் மொத்த எடை 4,500-ஐத் தாண்டினால் கட்டாயம். இயந்திரம் ஏற்றும் ட்ரெய்லர் பெரும்பாலும் தாண்டிவிடும்.

ஃபீனிக்ஸிலிருந்து: நெடுஞ்சாலையில் 80,000 பவுண்ட் வரை போகலாம் என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்லும்போது நமக்கு ஏன் இத்தனை கெடுபிடி?

அந்த 80,000-உம், ஓர் அச்சுக்கு 20,000, இரட்டை அச்சுக்கு 34,000 என்பதும் சாலையையும் பாலத்தையும் காப்பாற்றப் போட்ட எல்லை. உங்கள் பிக்கப்பின் அச்சு அதற்கு வெகுமுன்பே முறிந்துவிடும்.