கருவைப் படமெடுக்கும் இன்குபேட்டர் அவசியமா?

கேள்வி: எங்களுக்கு ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் கருவை உருவாக்கும்) சிகிச்சை தொடங்கவிருக்கிறது. கேமரா பொருத்திய இன்குபேட்டரில் கருக்களை வளர்த்துத் தேர்ந்தெடுத்தால் வெற்றி வாய்ப்பு கூடும் என்று கூறித் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வழக்கமான முறையில் கருவியலாளர் (கருக்களை ஆய்வகத்தில் கவனிக்கும் நிபுணர்) கருவை இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுத்து, ஏறத்தாழ நாளுக்கு ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார், நீங்கள் குறிப்பிடும் கருவியிலோ, கரு இருந்த இடத்திலேயே இருக்க, சில நிமிடங்களுக்கு ஒரு படம் வீதம் ஐந்தாறு நாட்கள் பதிவாகிறது. ஒரு செல் இரண்டாகாமல் நேரடியாக மூன்றாகப் பிரிவது போன்ற, மற்றபடி கண்ணுக்குத் தப்பிவிடும் கோளாறுகள் இதில் தெரியவரும்; அத்தகைய கரு கருப்பையில் பதியும் வாய்ப்பு குறைவு.

ஆயினும், பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் 1,575 பேரிடம் நடத்தப்பட்டு, 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், இம்முறையில் குழந்தை பெற்றோர் 33.7 சதவீதம், வழக்கமான முறையில் 33.0 சதவீதம்; இதைக் கூடுதல் பலன் என்று கொள்ள முடியாது. படங்கள் கருவின் தரத்தை உயர்த்துவதில்லை. ஒன்றிரண்டு கருக்களே உருவானால் தேர்வுக்கும் பெரிதாக இடமில்லை. மொத்தக் கட்டணத்திலேயே அடங்கியிருந்தால் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் இதற்கென்று கடன் வாங்காதீர்கள், அம்மா. மீதமாகும் நல்ல கருக்களை உறையவைத்துப் பாதுகாக்க அந்தத் தொகை உதவும்.