பரோயே தீவுகளில் மரங்கள் ஏன் இல்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வட அட்லாண்டிக் தீவுகளைப் பற்றிய தங்கள் கட்டுரையில், பரோயே தீவுகளில் மரங்கள் வளராததற்குக் கடுங்குளிரே காரணம் என்று எழுதியிருந்தீர்கள். சென்ற ஜனவரியில் வேலை நிமித்தமாகப் பத்து நாட்கள் அங்கே இருந்தேன். மழையும் காற்றும் ஓயவில்லை. ஆனால் சாலையோரத்தில் தேங்கிய நீர் ஒருநாள்கூட உறைந்து நான் பார்க்கவில்லை. அந்தக் குளிர்காலத்திலும் சரிவுகளில் புல் இருந்தது. அப்படியென்றால் மரத்தைத் தடுப்பது எது?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கண்டதே சரி. நான் எழுதியது பிழை. அந்த வரியைத் திருத்திவிட்டேன். ஆயினும் உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

பரோயே தீவுகளின் தலைநகரான தோர்ஷவ்னும் சைபீரியாவிலுள்ள யாகுட்ஸ்க் நகரமும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், வடக்கே 62 பாகையில், இருக்கின்றன. வளைகுடா நீரோட்டத்தின் நீட்சியான வெப்ப நீர் சூழ்ந்திருப்பதால் தோர்ஷவ்னின் ஜனவரிச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு மேல் சுமார் 4 பாகை செல்சியஸ். யாகுட்ஸ்கிலோ அது உறைநிலைக்குக் கீழே 40 பாகையை நெருங்குகிறது. ஆனால் யாகுட்ஸ்கைச் சுற்றி லார்ச் என்னும் ஊசியிலை மரக் காடு முடிவில்லாமல் பரந்து கிடக்கிறது. குளிர்காலக் கடுமை மட்டுமே மரத்தைக் கொல்வதாக இருந்தால் இது நடந்திருக்க முடியாது. விடை கோடையில் இருக்கிறது. ஜூலையில் யாகுட்ஸ்கின் சராசரி 19 பாகையைத் தாண்டுகிறது. தோர்ஷவ்னில் 11 பாகைதான். ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் சராசரி 10 பாகைக்குக் குறைந்தால் அங்கே காடு நிற்காது என்பது புவியியலாளர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் கணக்கு. குளிர்காலத்தை மென்மையாக்கும் அதே கடல்தான் கோடையையும் சூடேறவிடாமல் தடுத்து, இத்தீவுகளை அந்தக் கோட்டின் விளிம்பிலேயே நிறுத்திவைத்திருக்கிறது.

அதே கோடையில் புல் மட்டும் எப்படிச் செழிக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இலை உணவு தயாரிப்பதற்குத் தேவையான வெப்பத்தைவிட, புதிய திசுவை உருவாக்குவதற்கு அதிக வெப்பம் தேவை. 5 பாகைக்குக் கீழே அந்த வேலை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. தரையோடு ஒட்டி வளரும் செடி, வெயில் பட்ட மண்ணின் சூட்டைத் தன்னைச் சுற்றித் தேக்கி வைத்துக்கொள்கிறது. உயர்ந்து நிற்கும் மரத்தின் நுனியோ வீசும் காற்றின் வெப்பநிலையிலேயே இருக்கிறது. அங்கே அந்தக் காற்று உப்பையும் அள்ளிக்கொண்டு வருகிறது. இடைவிடாத மழை மண்ணின் சத்தை அரித்துச் செல்கிறது. நீர் வடியாத சரிவுகளில் அழுகாத தாவர எச்சம் புல்கரியாகப் (peat) படிந்து மண்ணை அமிலத்தன்மை உடையதாக்குகிறது. விறகில்லாத அம்மக்கள் நூற்றாண்டுகளாக அடுப்பெரித்தது அந்தப் புல்கரியை வெட்டி உலர்த்தித்தான்.

ஆனால் தட்பவெப்பம் பாதிக் கதைதான். மனிதர் குடியேறுவதற்கு முந்தைய மண்ணடுக்குகளில் கிடைக்கும் மகரந்தம், அங்கே பெருங்காடு இல்லாவிட்டாலும் வில்லோவும் ஜூனிபரும் சிறிதளவு பிர்ச்சும் புதர்களாக இருந்ததைக் காட்டுகிறது. பிறகு ஆடு வந்தது. ஈஸ்டுராய் தீவின் ஏரியடிச் சேற்றில் கிடைத்த மரபணு எச்சங்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, சுமார் கி.பி. 500 அளவிலேயே அங்கே செம்மறியாடுகள் மேய்ந்தன என்று காட்டியது. தீவுகளின் பெயருக்கே 'ஆட்டுத் தீவுகள்' என்று பொருள் சொல்வார்கள். அத்தீவுகளுக்குரிய ஆவணங்களுள் எஞ்சியிருக்கும் மிகப் பழையது, 1298இல் இயற்றப்பட்ட ஆட்டுச் சட்டம். நிலமும் பொழுதும் முதற்பொருள், விலங்கும் மரமும் அவற்றால் அமையும் கருப்பொருள் என்று நாம் படித்திருக்கிறோம். பரோயேயில் ஒரு கருப்பொருள் நிலத்தின் தோற்றத்தையே மாற்றிவிட்டது என்பதுதான் என்னை மீண்டும் மீண்டும் இத்தீவுகளின் பக்கம் இழுக்கிறது. துளிர்க்கும் நாற்றை ஆண்டு முழுவதும் எழுபதாயிரம் ஆடுகள் கடித்துக்கொண்டிருந்தால், விளிம்பில் நிற்கும் மரத்துக்கு மீள்வழி ஏது?

ஐஸ்லாந்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒன்பதாம் நூற்றாண்டில் மக்கள் குடியேறியபோது நிலத்தில் கால் பங்குக்கும் மேல் பிர்ச் காடு இருந்தது என்பது பொதுவான மதிப்பீடு. கோடரியும் ஆடும் அதை ஒரு விழுக்காட்டளவுக்குக் கொண்டுவந்தன. ஹாட்லோர்ம்ஸ்டாதுர் என்னுமிடத்தில் எஞ்சியிருந்த காட்டை 1905இல் வேலியிட்டுக் காக்கத் தொடங்கியதும் பிர்ச் தானாகவே பெருகியது.

தோர்ஷவ்னில் ஒரு மரப்பூங்கா இருக்கிறதே என்று நீங்கள் கேட்கக்கூடும். அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதர் நட்டு, வேலியிட்டு வளர்த்தது. 1988இல் அடித்த பெரும்புயலில் அதன் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அங்கே நன்றாகப் பிடிக்கும் மரங்களுள் சில தென்னமெரிக்காவின் தென்முனையான தியெரா தெல் ஃபுவேகோவிலிருந்து வந்த தென்பீச் மரங்கள். குளிர்ந்த கோடை, கடுமையில்லாத குளிர்காலம், ஓயாத காற்று என்று அதே தட்பவெப்பத்தில் பழகியவை அவை. சைபீரிய லார்ச்சோ கடலோரத் தீவின் மென்மையான குளிர்காலத்தில் வசந்தம் வந்துவிட்டதென்று முன்கூட்டியே துளிர்த்து, அடுத்த பனியில் கருகும்.

மறுமுறை செல்வதாக இருந்தால் கோடையில் செல்லுங்கள். ஓடைகள் அறுத்த ஆழமான பிளவுகளின் ஓரத்தில் பத்திரமாக நின்று, எதிர்ப்புறப் பாறை விளிம்புகளைப் பாருங்கள். ஆட்டின் வாய் எட்டாத அந்த ஒரு முழ அகலத் திட்டுகளில் ஏஞ்சலிக்கா என்னும் செடி இடுப்பளவு உயர்ந்து பூத்திருக்கும். அதனருகே சில இடங்களில் வில்லோப் புதரும் இருக்கும்.

அன்புடன்.