எத்தனை பேரில் ஒருவர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களுக்குக் குறிப்பிட்ட ஒரு நோய் வரும் ஆபத்து நூறு சதவீதம் அதிகம் என்று எங்கோ படித்ததிலிருந்து என் தங்கை அதைத் தொடவே அஞ்சுகிறாள். நூறு சதவீதம் என்றால் எல்லோருக்கும் வரும் என்றுதானே பொருள்? (வாசகி, மன்னார்குடி)

பதில்: இல்லை. முன்பு இருந்ததைப் போல இரு மடங்கு என்பதே அதன் பொருள். முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாதவரை அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க இயலாது. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்தை ஏறத்தாழ இரு மடங்காக்குகின்றன என்று எச்சரித்தது. முந்தைய தலைமுறை மாத்திரையை எடுத்துக்கொண்ட 7,000 பெண்களில் சுமார் ஒருவருக்கு நேர்ந்தது, புதிய மாத்திரையில் இருவருக்கு நேர்ந்தது என்பதே ஆய்வுகள் காட்டிய நிலை. ஆனால் 'இரு மடங்கு' பரவிய வேகத்தில் 7,000 என்ற எண் பரவவில்லை. அஞ்சிய பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கத்தைவிடச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என்று பின்னர் மதிப்பிட்டார்கள். கர்ப்ப காலத்தில் இரத்தம் உறையும் ஆபத்து, அந்த மாத்திரையால் வரக்கூடியதைவிட அதிகம் என்பதுதான் இதில் வேதனையான செய்தி. உங்கள் தங்கை தம் மருத்துவரிடம், 'எத்தனை பேரில் எத்தனை பேருக்கு வருகிறது?' என்று கேட்கட்டும். அதற்கு முன் தாமாக எதையும் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: நன்கு படித்தவர்களும் எண்களில் இப்படித் தடுமாறுவார்களா? (வாசகர், காரைக்குடி)

பதில்: நீதிமன்றத்திலேயே தடுமாறியிருக்கிறார்கள். தம் இரண்டு கைக்குழந்தைகளைக் கொன்றதாக இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞர் 1999-இல் தண்டிக்கப்பட்டார். வசதியுள்ள, புகைபிடிக்காத குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறப்பது 8,543-இல் ஒன்று. ஆகவே இரு குழந்தைகள் இறப்பது சுமார் 7.3 கோடியில் ஒன்று என்று குழந்தை மருத்துவ நிபுணர் ஒருவர் சாட்சியம் அளித்தார். 8,543-ஐ அதே எண்ணால் பெருக்கிய கணக்கு அது. இரண்டு சாவுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்றால் மட்டுமே அப்படிப் பெருக்கலாம்; ஒரே வீட்டில், ஒரே பெற்றோருக்குப் பிறந்த குழந்தைகளுக்கு அந்த நிபந்தனை எப்படிப் பொருந்தும்? அதைவிடப் பெரிய பிழை, அந்த எண்ணை சாலி கிளார்க் நிரபராதியாக இருப்பதற்கான வாய்ப்பு என்று எடுத்துக்கொள்வது. தாய் தன் இரு குழந்தைகளைக் கொல்வதும் மிக அரிதே; இரண்டு அரிய நிகழ்ச்சிகளில் எது கூடுதல் அரிது என்று ஒப்பிடாமல் ஒன்றை மட்டும் காட்டி மிரட்டக் கூடாது. பிரிட்டனின் அரச புள்ளியியல் கழகம் 2001-இல் இந்தக் கணக்கை வெளிப்படையாகவே கண்டித்தது. மறைக்கப்பட்டிருந்த மருத்துவப் பரிசோதனை முடிவு வெளிவந்ததே முதன்மைக் காரணமாக, 2003-இல் அவர் விடுதலையானார்.

கேள்வி: பத்தாம் வகுப்புக் கணக்கிலேயே புள்ளியியல் இருக்கிறது. பிறகு ஏன் இந்த நிலை? (ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: நம் பாடநூலின் கடைசி இயலில், எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளக்கும் திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் உட்பட, அது இருக்கிறது, மாணவர்கள் பிழையில்லாமல் விடை எழுதவும் செய்கிறார்கள். ஆனால் கணக்கில் தரப்படும் எண்கள் யாரிடம் திரட்டப்பட்டவை, யார் விடுபட்டார்கள் என்ற கேள்விக்கு மதிப்பெண் இல்லை. அந்தக் கேள்வி கணக்கு வகுப்பைவிட்டு வெளியேறிச் சமூக அறிவியலுக்கும் போக வேண்டும் என்பது என் கருத்து. ஒரு சிறு பயிற்சியில் தொடங்கலாம்: ஓர் அலுவலகத்தில் ஐந்து பேருக்கு மாதம் தலா 20,000 ரூபாய், ஒருவருக்கு மட்டும் 5,00,000 ரூபாய். சராசரி 1,00,000 ரூபாய். அந்தத் தொகையை வாங்குகிறவர் அங்கே ஒருவரும் இல்லை. ஊதியங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை அளவோ 20,000 ரூபாய்தான். ஊதிய உயர்வு கேட்கும் ஊழியர் இவற்றில் எதைச் சொல்வார், முதலாளி எதைச் சொல்வார், இருவரில் யார் பொய் சொல்கிறார் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.